மன்னனுக்குத் தங்கமா, மண்ணா? துட்டன்காமூன் கல்லறையும் ஆதிச்சநல்லூர் தாழியும்

மன்னார்புரம் ரவுண்டானாவிலிருந்து உறையூர் சில கிலோமீட்டர்தான். டிராஃபிக் இல்லை என்றால் டூ வீலரில் கால் மணி நேரம். இன்றைக்குத் திருச்சிக்குள் ஒரு பகுதியாக இருக்கும் இந்த உறையூர், சங்க காலத்தில் சோழர்களின் தலைநகரம். அங்கிருந்து ஆண்டவர்களில் ஒருவர் கிள்ளிவளவன்.

அவர் இறந்தபோது ஐயூர் முடவனார் என்ற புலவர் பாடிய பாடல் புறநானூற்றில் 228-வது பாடலாக இருக்கிறது. அதில் புலவர் பேசுவது அரசியிடமோ அமைச்சரிடமோ அல்ல, ஒரு குயவரிடம். இவ்வளவு பெரிய புகழ் கொண்ட மன்னனை வைப்பதற்கு எவ்வளவு பெரிய தாழி வனையப் போகிறாய், பூமியையே சக்கரமாகவும் மலையையே மண்ணாகவும் எடுத்தால்தானே அது முடியும் என்று அந்தக் குயவருக்காகக் கவலைப்படுகிறார்.

அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, கி.மு. 1323 வாக்கில், எகிப்தின் பொற்கொல்லர்களும் இதே கேள்வியைச் சந்தித்தார்கள். இறந்துபோன அரசனை எதில் வைப்பது, கூட என்ன வைப்பது, அவை என்ன சொல்ல வேண்டும்? அவர்கள் கொடுத்த பதில் தங்கம். தமிழகத்தின் பதில் மண். கொஞ்சம் தங்கமும் உண்டு.

இந்த இரண்டில் எகிப்தின் பதிலை இன்று நம்மால் வரிவரியாகப் படிக்க முடிகிறது. நம்ம ஊர் பதிலில் பாதிப் பக்கங்கள் இல்லை. ஏன்?

துட்டன்காமூன் கல்லறையில் என்ன இருந்தது?

1922 நவம்பர் 4. எகிப்தின் 'மன்னர்கள் பள்ளத்தாக்கில்' ஹோவர்ட் கார்ட்டரின் குழு ஒரு படிக்கட்டைக் கண்டுபிடித்தது. அது போய்ச் சேர்ந்த இடம் துட்டன்காமூனின் கல்லறை. சுமார் 9 வயதில் அரியணை ஏறி, 19 வயது வாக்கில் இறந்துபோன இளம் மன்னன்.

உள்ளே இருந்தவை 5,398 பொருட்கள். தேர்கள், கட்டில்கள், கைத்தடிகள், உடைகள், உணவுக் கூடைகள், விளையாட்டுப் பலகைகள், ஒயின் ஜாடிகள். அந்த ஜாடிகளில் எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், தயாரித்தவர் யார் என்பதுகூட எழுதப்பட்டிருந்தது.

அரசனின் உடல் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சவப்பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தது. உள்பெட்டி முழுக்கத் தங்கம், எடை 110.4 கிலோ. அதற்குள் மம்மியின் முகத்தில் இருந்ததுதான் உலகமே போட்டோவில் பார்த்த அந்த முகமூடி. உயரம் 54 செ.மீ., எடை 10.23 கிலோ.

அலங்காரமா, அர்த்தமா?

இவை 'பணக்கார ராஜா, அதனால் தங்கம்' என்ற கணக்கில் வைக்கப்பட்டவை அல்ல. எகிப்தியர் பார்வையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருந்தது.

* தங்கம்: கடவுளரின் தசை தங்கத்தால் ஆனது என்பது அவர்களின் நம்பிக்கை. துருப்பிடிக்காது, மங்காது. முகத்தைத் தங்கமாக்கினால் இறந்தவர் அழியாத உடல் பெறுகிறார்.
* நீலம்: கடவுளரின் தலைமுடி லாபிஸ் லாசுலி எனும் நீலக்கல் என்றார்கள். முகமூடியின் புருவத்திலும் கண்ணைச் சுற்றியும் அந்தக் கல்தான் இருக்கிறது. அது வந்த இடம் இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் பகுதி.
* நெற்றியில் கழுகும் நாகமும்: கழுகு தெற்கு எகிப்தின் காவல் தெய்வம், நாகம் வடக்கின் காவல் தெய்வம். இரண்டும் சேர்ந்தால் 'இரு நாடுகளின் அரசன்'.
* ஷப்தி எனும் சிறு பொம்மைகள்: மறு உலகத்தில் அரசனுக்குப் பதிலாக வேலை செய்ய ஆட்கள். மொத்தம் 413. நாளுக்கு ஒருவராக 365 வேலைக்காரர்கள், 36 மேஸ்திரிகள், மாதத்துக்கு ஒருவராக 12 மேற்பார்வையாளர்கள். ஒரு வருஷத்துக்கான முழு அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்!

முகமூடியின் முதுகுப் பக்கத்தில் 'இறந்தோர் நூல்' என்ற தொகுப்பிலிருந்து ஒரு மந்திரம் பொறிக்கப்பட்டுள்ளது. முகத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு தெய்வத்தோடு சேர்த்துப் பேசும் மந்திரம் அது. அதாவது, பொருளே தன் அர்த்தத்தையும் சொல்லிவிடுகிறது.

கைவேலை எப்படி?

தங்கத் தகட்டை அடித்து வடிவத்துக்குக் கொண்டுவந்து, பகுதிகளை இணைத்து, மேலே உளியால் நுணுக்க வேலை செய்திருக்கிறார்கள். மார்புப் பகுதியில் தங்கத்தாலேயே சின்னச் சின்ன அறைகள் கட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் கல்லையோ வண்ணக் கண்ணாடியையோ அளவாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள்.

தலைத்துணியில் தெரியும் நீலப் பட்டைகள் கல் இல்லை, நீலக் கண்ணாடி. 'டூப்ளிகேட்' என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் கண்ணாடி செய்வதே அரசவைப் பட்டறைகளின் உயர்ந்த தொழில்நுட்பம். செயற்கைக் கல்லைப் பட்டை தீட்டுவதற்குப் பெயர்போன திருச்சிக்காரர்களுக்கு இது சட்டெனப் புரியும். கல் இயற்கையானதா என்பதைவிட, ஒளியும் நிறமும் சரியாக விழுகிறதா என்பதுதான் கைக்காரரின் கவலை.

மம்மியின் துணிச் சுற்றுக்குள் ஓர் இரும்புக் குத்துவாளும் இருந்தது. 2016-ல் வெளியான ஆய்வு, அதிலுள்ள நிக்கல், கோபால்ட் அளவை வைத்து அது விண்கல் இரும்பு என்று உறுதி செய்தது. அன்றைய எகிப்தில் இரும்பு அவ்வளவு அபூர்வம். தங்கப் பிடி போட்ட வாளில் அலகு மட்டும் வானத்திலிருந்து விழுந்த உலோகம்.

இந்த இரும்பை நினைவில் வைத்துக்கொண்டு தாமிரபரணிக் கரைக்கு வரலாம்.

நம்ம ஊரில் என்ன கிடைத்தது?

மன்னார்புரத்தில் இரவு தெற்கே போகும் ஆம்னி பஸ் ஏறினால் விடியும்போது நெல்லை. அங்கிருந்து திருச்செந்தூர் ரோட்டில் சுமார் 24 கி.மீ. போனால், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆதிச்சநல்லூர். தூத்துக்குடி மாவட்டம். ஆற்றோரமாக 114 ஏக்கரில் ஒரு மேடு, அதன் அடியில் முதுமக்கள் தாழிகள். தாழி என்பது இறந்தவரின் உடலையோ எலும்புகளையோ வைத்துப் புதைக்கும் பெரிய மண்பானை.

1876-ல் ஜெர்மானியரான ஃபெடோர் யாகோர் இங்கே முதலில் தோண்டினார். எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். அவர் எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. இடையில் பிரெஞ்சுக்காரரான லூயி லாபிக் எடுத்தவை பாரிஸுக்குப் போயின.

ரீ கண்டெடுத்தவற்றில் முக்கியமானவை இவை:

* தங்க நெற்றிப்பட்டங்கள். மெல்லிய, நீள்வட்டத் தகடுகள். மேலே புள்ளிகளாலும் கோடுகளாலும் அலங்காரம். நெற்றியில் கட்டிக்கொள்ள வசதியாக இரு முனைகளும் குறுகியிருக்கும்.
* வெண்கல மூடிகள். எருமை, மான், சேவல், யானை போன்ற உருவங்கள் மேலே நிற்கும்.
* வெண்கலச் சல்லடைகள். துளைகளே கோலப் புள்ளிபோல டிசைனாக அமைந்திருக்கும்.
* இரும்பு வாள், வேல், அம்பு முனை, திரிசூலம், மண்வெட்டி.

எகிப்தில் அரசனின் மம்மியோடு சுற்றிவைக்கும் அளவுக்கு அபூர்வமாக இருந்த இரும்பு, இங்கே மண்வெட்டியாகவே புதைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலுள்ள சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, தமிழகத்தில் இரும்புப் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை பின்னோக்கிப் போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இந்தக் காலக்கணிப்பு பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஆதிச்சநல்லூரின் இரண்டு மாதிரிகளுக்குக் கிடைத்த கார்பன் காலக்கணிப்பு கி.மு. 905, கி.மு. 696. இந்தத் தகவல் 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தெரிவிக்கப்பட்டது.

கைவேலையில் நாம் எங்கே நின்றோம்?

ஆதிச்சநல்லூரின் சில வெண்கலக் கிண்ணங்களை ஆராய்ந்த உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன், அவற்றில் வெள்ளீயம் 22-23 சதவீதம் அளவுக்கு இருப்பதைக் காட்டினார். சாதாரண வெண்கலத்தில் இது 10 சதவீதம் சுற்றித்தான் இருக்கும்.

இதில் என்ன பெரிய விஷயம்? வெள்ளீயம் இவ்வளவு கூடினால் உலோகம் எளிதில் நொறுங்கும். குளிர்ந்த நிலையில் சுத்தியலால் தட்டினால் உடைந்துவிடும். சரியான சூட்டில் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூடு இருக்கும்போதே அடித்து மெல்லியதாக்கி, சட்டெனத் தண்ணீரில் முக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வேலை காலி. தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில், உலோகத்தின் சிவப்பு நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவெடுத்தவர்கள் இவர்கள். முடிந்த கிண்ணம் பொன்னிறத்தில் பளபளக்கும், தட்டினால் மணிபோல ஒலிக்கும்.

மூடிகளின் மேல் நிற்கும் விலங்குகள் போன்ற உருவங்களை மெழுகு வார்ப்பு முறையில் செய்வார்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை இது. கும்பகோணம் பக்கத்திலுள்ள சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றைக்கும் ஐம்பொன் சிலையை இந்த வழியில்தான் வார்க்கிறார்கள்.

தாழியும் சாதாரண வேலை இல்லை. ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பானையை, அடிப்பகுதி கூம்பாக, சுவர் சரியாமல் எழுப்பிச் சுட வேண்டும். 2004-05 அகழாய்வில் 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. ஒரு தாழிமேல் இன்னொன்றைக் கவிழ்த்து மூடிய இரட்டைத் தாழிகளும் அதில் உண்டு. ஒரு பானை ஓட்டில் ஒல்லியான ஒரு பெண், நெற்பயிர், கொக்கு, மான், முதலை என ஒரு காட்சியே புடைப்பு வேலையாக இருந்தது.

அப்போ அந்தப் பட்டத்துக்கு என்ன அர்த்தம்?

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. எகிப்து முகமூடியின் முதுகில் எழுத்து இருக்கிறது. ஆதிச்சநல்லூர் நெற்றிப்பட்டத்தில் புள்ளிகளும் கோடுகளும் மட்டுமே.

அணிந்தவர் அரசரா, குலத்தலைவரா, பூசாரியா, வசதியான வணிகரா? பட்டம் வாழும்போது அணிந்ததா, சாவுக்கென்றே செய்ததா? வேலையும் திரிசூலத்தையும் வைத்து முருக வழிபாட்டோடு சில ஆய்வாளர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். கூம்பிய தாழியைத் தாயின் கருப்பைக்கு ஒப்பிடுபவர்களும் உண்டு. இரண்டும் யோசிக்க வைக்கும் கருத்துகள், ஆனால் கருத்துகள்தான்.

நம்ம வீட்டுச் சாவுச் சடங்குகளை நினைத்துப் பாருங்கள். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டுகிறோம். வாய்க்கரிசி போடுகிறோம். மயானத்தில் மண்குடத்தை உடைக்கிறோம். ஆதிச்சநல்லூர் தாழிகளில் நெற்றிக்குப் பட்டம் இருந்தது, நெல் இருந்தது, மண்பானை இருந்தது. துட்டன்காமூன் கல்லறைச் சுவரில், அடுத்த அரசரான ஆய் மம்மியின் முன் நின்று 'வாய் திறக்கும் சடங்கு' செய்யும் ஓவியம் இருக்கிறது. போன உயிர் மறுபடி உண்ணவும் பேசவும் வேண்டும் என்பதற்கான சடங்கு அது.

இவை எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று சொல்ல ஆதாரம் இல்லை. போகிறவரை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராதது மட்டும் எல்லா ஊருக்கும் பொது.

எகிப்துக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளில் வரும் அளவுக்கு இல்லை.

கி.மு. 1213-ல் இறந்த இரண்டாம் ராம்செஸின் மம்மியில், மூக்குத் துளைகளில் மிளகு இருந்தது. மிளகின் தாயகம் தென்னிந்தியாவின் மேற்குக் கரை மலைகள். எத்தனை கை மாறிப் போயிருந்தாலும், ஓர் எகிப்திய அரசனின் கடைசிப் பயணத்தில் நம்ம பக்கத்துச் சரக்கு சேர்ந்திருக்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து, ரோமானியர் காலத்தில், செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில் தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன.

அதற்காக, ஆதிச்சநல்லூர் பட்டம் எகிப்திலிருந்து வந்தது என்றோ, பிரமிடு கட்டியது நாம்தான் என்றோ சொல்ல முடியாது.

அர்த்தம் எங்கே தொலைந்தது?

எழுத்து இல்லாத இடத்தில் பொருளின் அர்த்தத்தைச் சொல்வது அது கிடந்த இடம்தான். பட்டம் எந்தத் தாழியில் இருந்தது? அந்த எலும்பு ஆணா, பெண்ணா, குழந்தையா? பக்கத்தில் வாளா, சல்லடையா? பக்கத்துத் தாழியில் ஒன்றுமே இல்லையா? இந்தத் தகவல்கள் நூறு தாழிகளுக்குக் கிடைத்தால், யாருக்குப் பட்டம் கட்டினார்கள் என்ற ஒரு பேட்டர்ன் தானாகவே வெளியே வரும்.

கார்ட்டரிடம் மற்ற குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுத்தார். எடுப்பதற்கு முன் ஹாரி பர்ட்டன் அதே இடத்தில் வைத்துப் போட்டோ எடுத்தார். கல்லறையைக் காலி செய்யச் சுமார் 10 ஆண்டுகள் பிடித்தது. அதனால்தான் நூறு ஆண்டு கழித்தும் புதுக் கேள்விகளுக்கு அங்கே பதில் தேட முடிகிறது.

ரீயின் புத்தகம் 1915-ல் வந்தது. பொன், வெண்கலம், இரும்பு, மண்பாண்டம் எனப் பொருள்வாரியான பட்டியல் அது. பொருளைப் பற்றி நிறையச் சொல்லும், ஆனால் எது எதோடு சேர்ந்து கிடந்தது என்ற முழுப் படத்தை அதிலிருந்து மறுபடி உருவாக்குவது கடினம். அதற்கு முன்பே பெர்லின் போனவற்றில் அந்த வாய்ப்பு இன்னும் குறைவு. தங்கம் பத்திரமாக இருக்கிறது, அதைக் கட்டியிருந்த மனிதர்தான் தொலைந்துபோனார்.

இதை வெள்ளைக்காரர் காலத்துத் தவறு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. 2004-05 அகழாய்வின் அறிக்கை வர 15 ஆண்டுக்கு மேல் ஆனது, விஷயம் நீதிமன்றம் வரை போனது. தோண்டுவது பாதி வேலை. பதிவு செய்து வெளியிடாத அகழாய்வு, வாசிக்கும் முன்பே கிழித்த புத்தகம்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2020 மத்திய பட்ஜெட்டில் ராக்கிகர்கி, ஹஸ்தினாபூர், சிவசாகர், தோலாவிரா ஆகியவற்றோடு ஆதிச்சநல்லூரும் தொல்லியல் சிறப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய வட்டத்தை உருவாக்கியது. 2021 அக்டோபரில் ஆதிச்சநல்லூரில் மறுபடி தோண்ட ஆரம்பித்தது இந்தத் திருச்சி வட்டம்தான்.

2022-ல் அவர்களுக்கும் ஒரு தங்க நெற்றிப்பட்டம் கிடைத்தது. ரீ காலத்துக்குப் பிறகு, ஒரு நூற்றாண்டு கழித்து. இந்த முறை ஆழம், அளவு, சுற்றிக் கிடந்தவை எல்லாம் பதிவாகும் காலத்தில்.

அதைவிடப் பெரிய மாற்றம், எடுக்காமல் விடுவது. தாழிகள் சிலவற்றை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 5 அன்று இது திறக்கப்பட்டது, அன்றே அங்கு அருங்காட்சியகத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. கீழே குனிந்து பார்த்தால், யாரோ ஒருவருக்காக அவர் வீட்டார் இறக்கிவைத்த அதே நிலையில் தாழி இருக்கும்.

எலும்புகளும் பேச ஆரம்பித்துவிட்டன. கீழடி பக்கத்துக் கொந்தகையின் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் கம்ப்யூட்டரில் முகங்களை உருவாக்கியது. 2025-ல் அவை வெளியாயின. எகிப்தியர்கள் முகத்தைத் தங்கத்தில் காப்பாற்றினார்கள். தமிழகத்தில் மண்பானை காப்பாற்றிய எலும்பிலிருந்து முகம் திரும்பி வந்திருக்கிறது.

எங்கே பார்க்கலாம்?

* சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம்: ரீ கண்டெடுத்த ஆதிச்சநல்லூர் பொருட்கள்.
* ஆதிச்சநல்லூர்: கண்ணாடித் தளத்தின் கீழ் தாழிகள். திருச்செந்தூர் போகிறவர்களுக்கு வழியிலேயே இருக்கிறது.
* கீழடி: கொந்தகை உட்பட வைகைக் கரை அகழாய்வுப் பொருட்களுக்கான அரசு அருங்காட்சியகம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வயலிலோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ பெரிய பானை விளிம்பு தெரிந்தால் உடைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே தங்கம் இருக்காது, பெரும்பாலான தாழிகளில் இல்லை. வேலையை நிறுத்திவிட்டு வி.ஏ.ஓ.வுக்கோ தாசில்தாருக்கோ சொன்னால் போதும்.

புறநானூற்றின் 256-வது பாடலிலும் ஒரு குயவர் வருகிறார். கணவனை இழந்த பெண் ஒருத்தி அவரிடம், தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய், எனக்கும் அதில் இடம் வேண்டும் என்று கேட்கிறாள். அந்தத் தாழி எங்காவது கிடைத்தால், அதில் தங்கமோ எழுத்தோ இருக்காது. இரண்டு பேரின் எலும்புகள் எப்படிக் கிடந்தன என்று யாராவது குறித்துவைத்தால் மட்டுமே அவள் கேட்டது நமக்குத் தெரியவரும்.